வீடு தெரியாத முதியவர் என்று தேடுகிறவர்களுக்கு

ஏட்டி,

நம் கடையின் மை வாடை உனக்கு மறந்திருக்காது. மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கரைத்த மாதிரி ஒரு நெடி. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நாம் அதற்குள்ளேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றவர்கள். இன்று காலையில் அந்த வாடை எனக்குத் தாங்கவில்லை. மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது உன் ஃப்ளெக்ஸ்.

முதலில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்ற எழுத்து வந்தது. அப்புறம் உன் தலைமுடி, நெற்றி, பொட்டு. அந்த மிஷின் எவ்வளவு மெதுவாக ஓடும் என்று உனக்குத் தெரியும். பாதி முகத்தோடு நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழுந்து வெளியே வந்து, டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன்.

உன் தம்பிதான் கொடுத்தான். இரண்டு பக்கமும் புறா வேண்டுமாம். கீழே அகல் விளக்கு, பின்னால் மேகம், நடுவில் எதுகை மோனையோடு நாலு வரி. "இதெல்லாம் ஒங்க அக்காவுக்குப் பிடிக்காதுல்லாடே" என்றேன். "அக்காவுக்கு ஒரு கொறையும் வச்சிரக் கூடாதுக்கா. ஊருல நாலு பேரு பாக்கணும்லா" என்றான். புறாவையும் பறக்கவிட்டு, மேகத்தையும் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். "நம்ம கடை வெப்சைட்டுலயும் இந்தப் படத்தையே ஏத்திருங்கக்கா."

அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. உன்னைப் போய்ப் படமாக ஏற்றுவேனா? அதற்குப் பதிலாகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். முழுக்க எழுத்தாகவே எழுதி அங்கே போடப் போகிறேன். தேடுகிறவர்கள் கைக்குத் தட்டுப்படட்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நம் கடையில் நீ இருந்த வரைக்கும், கோவில்பட்டி வட்டாரத்தில் எழுத்து அழகு என்றால் நீதான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காதுகுத்து, எதுவானாலும் எழுத்தை நீ வளைத்து, நிழல் போட்டு, பொன் முலாம் பூசி எடுத்தால் மணமகளை விட அவள் பெயர் அழகாக இருக்கும். கடை அண்ணாச்சி உன்னைத் தவிர வேறு யாரையும் முன் சீட்டில் உட்கார விடமாட்டார். எனக்குப் பின் சீட்டு. வெப்சைட் வேலை என்று ஒன்று புதிதாக வந்தபோது, யாருக்கும் வேண்டாத பிள்ளை மாதிரி அதை என் மடியில் போட்டார்கள்.

அந்த வேலையை நாம் எப்படிச் செய்தோம் என்று நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடலை மிட்டாய்க் கடைக்காரர் வருவார், தீப்பெட்டி ஆபீஸ்காரர் வருவார், விதைக் கடைக்காரர் வருவார். நீ ஃப்ளெக்ஸுக்குச் செய்த டிசைனையே ஒரு படமாகச் சேமித்துத் தருவாய். நான் அதை அப்படியே தூக்கி வெப்சைட்டில் ஒட்டுவேன். கடைப் பெயர், விலாசம், போன் நம்பர், என்ன கிடைக்கும், எல்லாமே அந்தப் படத்துக்குள். சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி அது தொங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு எழுத்து. இன்டர்நெட்டில் தேடித் தருகிற மிஷினுக்கு அது வெறும் படம். உள்ளே ஒரு எழுத்து இருப்பதும் அதற்குத் தெரியாது.

மதுரையில் போய் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து நான் சொன்னேன். எழுத்தை எழுத்தாக அடித்துப் போட வேண்டும், தலைப்பு தனியாக இருக்க வேண்டும், படத்துக்குப் பின்னால் அது என்ன படம் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று. நீ கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெறும் எழுத்தாப் போட்டா எல்லாக் கடையும் ஒண்ணு போல இருக்கும்ட்டி. அவனவனுக்கு ஒரு மூஞ்சி வேண்டாமா?" என்றாய்.

எனக்கும் அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. கேட்டு வருகிறவர்களுக்கும் படம்தான் பிடித்திருந்தது.

அந்த வருஷம்தான் உன் அப்பா தொலைந்து போனார்.

பசுவந்தனைப் பக்கம் உங்கள் ஊரில் அவர் வானம் பார்த்த புஞ்சையைக் கட்டிக்கொண்டு கிடந்த மனுஷன். மறதி வந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. உன் பெயர் மறந்துபோச்சு. மருமகள் பெயரும் மறந்துபோச்சு. விதைப்பு மாசம் மட்டும் மறக்கவில்லை. புரட்டாசி பிறந்ததும் கரிசல்காட்டுக்காரர்கள் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த நினைப்பில்தான் விதை வாங்கி வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். விதைக் கடைக்கு அவர் போகவே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் நடைமேடையில் அவரைப் பார்த்ததாக ஒரு பூக்காரம்மா சொன்னார். அதோடு தடம் அறுந்துபோனது.

காணவில்லை நோட்டீஸை நீதான் செய்தாய். வேறு யாரையும் தொட விடவில்லை. அழுதுகொண்டே செய்தாய். ஆனால் உன் கை அழவில்லை. 'காணவில்லை' என்ற எழுத்துக்குச் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, அப்பா பெயருக்கு ஒரு நிழல். நான் பார்த்ததிலேயே அழகான காணவில்லை நோட்டீஸ் அதுதான். பஸ் ஸ்டாண்ட், கடம்பூர் ஸ்டேஷன், விளாத்திகுளம் சந்தை என்று எல்லா இடத்திலும் ஒட்டினோம். நம் கடை வெப்சைட்டிலும் ஏற்றினோம். வழக்கம் போலவே, படமாக.

அதற்கப்புறம் நீ தேட ஆரம்பித்தாய். காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலை, அப்பா பெயரையும் கோவில்பட்டியையும் அடித்துத் தேடுவது. டீ வந்தால் ஒரு தடவை. மத்தியானம் ஒரு தடவை. வருகிறதெல்லாம் அதே பெயருள்ள வக்கீல், வாத்தியார், மரம் அறுக்கிற மில். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. பொங்கல் கழிந்து ஒருநாள் நீ தேடுகிற முறையை மாற்றினாய். "எழுத்தப் போட்டுத் தேடுனது போதும். இனிமே கண்ணால பாக்கப் போறேன்" என்றாய். வழி தவறி வந்தவர்களை வைத்துப் பராமரிக்கிற காப்பகங்களின் வெப்சைட்டை ஒவ்வொன்றாகத் திறந்து, அதிலிருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினாய்.

அந்தச் சாயங்காலம் நான் கல்லாப் பக்கம் நின்று யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தேன். உன் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். நீ நின்றுகொண்டிருந்தாய். திரையில் உன் அப்பா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. பக்கத்தில் யாரோ நல்ல மனசோடு செய்திருந்த டிசைன். பூ வளைவு, நீலப் பட்டை, அதற்குள் வெள்ளை எழுத்து. பெயர் சரியாக இருந்தது. ஊர்: கோவில்பட்டி அருகில் என்று சரியாக இருந்தது. "மகன்கள் பெயர்: செவலை, மயிலை" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நீ சிரித்தாய். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எப்போதோ விற்றுவிட்ட உழவு மாடுகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அதைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் பிள்ளைகள் என்று எழுதிவிட்டார்கள்.

கடைசி வரி: "மழை பெஞ்சுச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்."

அந்தப் பெயரும் அந்த ஊரும் நீ தினமும் அடித்துத் தேடிய அதே எழுத்துகள். நீ தேடிய நாளெல்லாம் அவை அங்கேயே இருந்திருக்கின்றன. படத்துக்குள் இருந்ததால் தேடலில் வரவில்லை.

உடனே அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். யாரும் எடுக்கவில்லை. மறுநாளே ரயில் ஏறினோம். நீயும் நானும் உன் தம்பியும். அவன் அப்பாவுக்கு என்று புது வேட்டியும் துண்டும் வாங்கி மடியிலேயே வைத்திருந்தான். சாத்தூர் தாண்டும்போது, "என்னய அடையாளம் தெரியாட்டாலும் பரவால்லட்டி, திட்டாம இருந்தாப் போதும்" என்றாய்.

காப்பகத்தில் ஒரு அம்மா நம்மை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீர் கொடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னாலேயே, மார்கழிக் குளிரில் நெஞ்சுச் சளி வந்து போய்விட்டாராம். போலீசுக்குச் சொல்லி, அனுமதி வாங்கி, அவர்களே முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருடைய சட்டையை மடித்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"நாங்களும் தேடினோம்மா" என்றார் அந்த அம்மா. "சும்மா இருக்கல. வீடு தெரியாத முதியவர் கோவில்பட்டின்னு போட்டு எத்தனை தடவை தேடியிருப்போம் தெரியுமா? ஒண்ணுமே வரல. நீங்களாவது ஏதாவது ஒரு இடத்துல விளம்பரம் குடுத்திருக்கக் கூடாதா?"

விளம்பரம் கொடுத்திருந்தோம், ஏட்டி. அழகாகக் கொடுத்திருந்தோம். அவர்கள் வைத்திருந்தது ஒரு படம், நாம் வைத்திருந்தது ஒரு படம். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே கிடந்திருக்கின்றன. அதை நீ அந்த இடத்திலேயே புரிந்துகொண்டாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. எனக்கு உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த அம்மா நல்லவர். அப்பாவைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருந்தது. "மழை பெஞ்சுச்சா, மழை பெஞ்சுச்சான்னு ஒரே கேள்வி. ஒருநாள் போனாப் போகுதுன்னு பெஞ்சுச்சு தாத்தான்னு சொல்லிட்டேன். எந்திரிச்சுக் கிளம்பிட்டாரு, காட்டுக்கு விதைக்கப் போகணும்னு. நாலு பேரு பிடிச்சு உட்கார வைக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் பெய்யலை தாத்தா, பெய்யலைன்னே சொல்லிட்டு வந்தோம். அப்படின்னா சரின்னு உட்கார்ந்துக்குவாரு."

பிறகு இடுகாட்டைக் காட்டினார்கள். அங்கே எல்லாம் செம்மண். உன் தம்பி புது வேட்டியை அந்த மண்மேட்டின் மேல் விரித்தான். நீ குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாய். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "செம்மண்ணுலல்லா போட்டுட்டாவ எங்கப்பாவ. கரிசல்ல உருண்ட மனுசன்ல்லா" என்று நீ போட்ட சத்தத்தில், தூரத்தில் மாடு மேய்த்தவர் நின்று பார்த்தார்.

ஊருக்கு வந்து, காரியமெல்லாம் முடிந்து, நீ கடைக்குத் திரும்பிய அன்று முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டாய். "எழுத்த எழுத்தாப் போடுதது எப்படின்னு காட்டு" என்றாய். காட்டினேன். அன்றிலிருந்து ஒரு பேய் பிடித்த மாதிரி அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாய். நாம் படமாக ஒட்டி வைத்திருந்த அத்தனை வெப்சைட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தாக்கினாய். அண்ணாச்சி, "யம்மா, ஒருத்தனும் கேக்கலையே, எதுக்கு இந்த வீண் வேலை?" என்று புலம்பினார். நீ காதில் வாங்கவில்லை.

கடம்பூர் போளிக்கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "நெய் ஒழுகுத மாதிரி எழுத்து செஞ்சு குடுத்தியேம்மா. அத எடுத்துட்டு இப்படி மொட்டையா வச்சிருக்கியே. இதப் பாத்தா எவனுக்கு நாக்குல எச்சி ஊறும்?"

"அண்ணாச்சி, மொதல்ல ஒங்க கடை இருக்குன்னு அவனுக்குத் தெரியணும். அதுக்கப்புறம்லா எச்சி ஊறணும்" என்றாய். "கடம்பூர் போளி எங்க கிடைக்கும், பார்சல்ல அனுப்புவாவளா, எத்தன நாளு தாங்கும், இதத்தான் கேக்காங்க. கேக்கதுக்குப் பதில எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பாதியில், "தேங்காய்ப் போளி மறுநா கெட்டுப் போயிரும்னு எழுதியிருக்கியேம்மா" என்று அலறினார். "கெட்டுப் போகும்லா?" என்றாய். மனிதர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தத் துக்கத்திலும் அன்றைக்கு நாம் சிரித்தோம்.

அப்பாவுடைய நோட்டீஸை மட்டும் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தாய். ஒருநாள் அதையும் திறந்தாய். நீ முதலில் அடித்தது, "கோவில்பட்டி வட்டம், மேற்படி கிராமத்தைச் சேர்ந்த, சுமார் எழுபது வயது மதிக்கத்தக்க, மனநிலை சற்றுப் பாதிக்கப்பட்ட" என்று போனது. "இது யாரு பேச்சு? போலீஸ் ஸ்டேஷன் பேச்சால்லா இருக்கு" என்று நான் வாரினேன். எனக்குக் கோபம் வேறு. செத்துப்போனவரைக் காணோம் என்று இன்னும் போட்டு வைத்திருப்பது என்ன நியாயம், எடுத்துவிடு என்றேன்.

நீ அடித்த வரியை முழுக்க அழித்தாய். பிறகு சொன்னாய்: "தொலைச்ச நாம காணவில்லைன்னு எழுதுதோம். கண்டெடுத்தவிய அப்படியா தேடுவாவ? அவியளுக்கு யாரும் காணாமப் போகலையே. அவிய முன்னால ஒரு ஆளுல்லா உக்காந்திருக்காரு. அந்தம்மா என்ன போட்டுத் தேடுனாங்க? வீடு தெரியாத முதியவர்னுதான போட்டாங்க? நாம எழுத்தாவே போட்டிருந்தாலும் அந்த வார்த்த நம்மகிட்ட இல்லையேட்டி."

எனக்குப் பயிற்சி வகுப்பில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. வருகிறவர் என்ன வார்த்தையோடு வருகிறாரோ அந்த வார்த்தையை வாசலில் வைக்க வேண்டும் என்பதை நீ ஒரு சாவைக் கொடுத்துக் கற்றுக்கொண்டாய். நீ பிறகு எழுதியது இப்போதும் அப்படியே இருக்கிறது:

"வீடு தெரியாத முதியவர் உங்களிடம் இருக்கிறாரா? கோவில்பட்டி, பசுவந்தனை, விளாத்திகுளம், கடம்பூர் என்று ஏதாவது ஊர் சொல்கிறாரா? மழை பெஞ்சுச்சா என்று கேட்கிறாரா? செவலை, மயிலை என்று கூப்பிட்டால் அது மாடு, மகன் இல்லை. இப்படியெல்லாம் பேசிய எங்கள் அப்பா இறந்துவிட்டார். அதனால் உங்களிடம் இருப்பவர் எங்கள் அப்பா இல்லை. ஆனாலும் எங்களைக் கூப்பிடுங்கள். அவர் வீட்டைத் தேடித் தருகிறோம்."

கீழே உன் நம்பர். தொட்டாலே போன் போகிற மாதிரி.

கூப்பிடவும் செய்தார்கள். முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு எங்கெங்கேயோ இருந்து. காப்பகக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, அந்தப் பேச்சையும் அடையாளத்தையும் ஒரு பக்கமாக எழுதி ஏற்றுவாய். அவர்களிடமும் கெஞ்சுவாய். "சார், அந்தப் படத்துல இருக்கத ஒரு தடவ டைப் அடிச்சுக் கீழ போட்டுருங்க." ஆளில்லை என்பார்கள். "அப்ப எனக்கு அனுப்புங்க, நான் அடிச்சுத் தாரேன்" என்பாய். யார் போன் செய்தாலும் நீ முதலில் கேட்பது ஒன்றுதான். "அவரு என்ன சொல்லுதாரு? நீங்க திருத்தாம, அவரு வாயால சொல்லுதத அப்படியே சொல்லுங்க."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் நீயே வந்து என் தலையில் குட்டுவாய். வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பல பேருக்குத் தடமே கிடைக்கவில்லை. விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு மகனையே கண்டுபிடித்துப் படத்தைக் காட்டினோம். அவன் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு" என்று எழுந்து போய்விட்டான். அவன் முகமும் அந்தப் படத்து முகமும் ஒரே அச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். "தேடுனவளுக்குக் கிடைக்கல. கிடைச்சவனுக்கு வேண்டாமாம்." அன்று முழுவதும் உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் மார்பில் இருந்த கட்டியை நீ எவ்வளவு காலம் மறைத்தாய் என்று எனக்குத் தெரியாது. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஊரெல்லாம் தொலைந்தவர்களைத் தேடினாயே, உன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பார்த்தாயா? தெரிந்தபோது அது முற்றியிருந்தது. திருநெல்வேலிக்குப் போவதற்கு முன்னால், எந்த ஆஸ்பத்திரி என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து வெப்சைட்டுகளைப் படித்தோம். உலகத்தரம், தலைசிறந்த, அதிநவீன என்று ஓடியது. நீ மூன்றாவது பக்கத்திலேயே சலித்துவிட்டாய். "இவ்வளவு எழுதியிருக்கானுவ, வலிக்குமா வலிக்காதான்னு ஒருத்தனாவது சொல்லுதானா பாரு. முடி கொட்டுமா? கூட ஒரு ஆளு தங்கலாமா? பயந்து போயி வாரவளுக்கு இதுக்குல்லா பதிலு வேணும்."

வலித்தது. முடி கொட்டியது. ஒரு ஆள் கூடத் தங்கலாம் என்றார்கள், நான் தங்கினேன். நீ வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருக்கும்போதும் அந்தப் போன் தலையணைக்கடியில் இருக்கும். அடித்தால் எடுப்பாய். குரல் ஒடிந்துபோயிருக்கும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீ எங்கே படுத்திருக்கிறாய் என்று தெரியாது. நான் பிடுங்கப் பார்த்தால் முறைப்பாய்.

கடைசியில் ஊருக்கே கூட்டிவந்துவிட்டோம். போன புரட்டாசி. சுற்றிலும் புழுதியில் விதைத்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாய் என்று நானும் குனிந்தேன். போனை என் கையில் வைத்தாய். "இத அணைச்சிராத. சார்ஜ் போட்டு வை" என்றாய். அதற்குமேல் நீ என்னிடம் பேசியதாக ஞாபகம் இல்லை.

உன்னைக் கொண்டுபோன அன்று வழியெல்லாம் ஒரே புழுதி. உங்கள் புஞ்சையைத் தாண்டித்தான் போனோம். உன் தம்பி அழுதுகொண்டே, "அக்காவையாவது நம்ம மண்ணுல வைக்கோம்" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் இல்லை. நாற்பத்தாறு வயதில் ஒருத்தி எந்த மண்ணில் படுத்தால் என்ன?

போன் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு வருஷமாக நான் அதை எடுக்கிறேன். உன்னைப் போல் எனக்குப் பொறுமை கிடையாது. இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். சில நாள் அதைத் தூக்கிச் சுவரில் எறியலாமா என்று இருக்கும். ஆனாலும் ராத்திரி படுக்கும் முன் சார்ஜில் போட்டுவிடுகிறேன். அது அடிக்கும்போதெல்லாம், எடுத்தால் உன் குரல் கேட்டுவிடும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலையிலும் அப்படித்தான். டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன் என்றேனே, உள்ளே மிஷினில் உன் கழுத்து இறங்கிக்கொண்டிருந்த நேரம், கையில் இருந்த போன் அடித்தது. ஒரு சின்ன வயதுப் பெண். தர்மபுரிப் பக்கம் ஒரு காப்பகமாம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது போல. பேச்சில் ஒரு பதற்றம்.

"மேடம், உங்க பேஜ் பார்த்தேன். இங்க ஒரு தாத்தா இருக்காரு. பேரு சொல்ல மாட்டேங்கிறாரு, ஊரு சொல்ல மாட்டேங்கிறாரு. எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாரு. அதையே அடிச்சுத் தேடிப் பார்த்தேன். உங்க பேஜ்தான் வந்தது."

நான் உன் கேள்வியைக் கேட்டேன். "அவரு என்ன சொல்லுதாரு? திருத்தாம அப்படியே சொல்லும்மா."

"மழை பெஞ்சுச்சான்னு கேட்கிறாரு, மேடம்."

அந்தப் பெண், மேடம், மேடம், இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இது உன் அப்பா இல்லை. உன் அப்பா செம்மண்ணுக்குள் போய் வருஷங்களாகிறது. இவர் யாரோ. எந்த ஊரோ. இவருக்கும் எங்கேயாவது ஒரு மகள் காலையில் எழுந்ததும் பெயரை அடித்துத் தேடிக்கொண்டிருப்பாளோ, இல்லை, வேற ஆளு என்று சொல்ல ஒரு மகன் இருக்கிறானோ, தெரியாது. ஆனால் நீ எழுதி வைத்த ஒரு வரி, நீ போய் ஒரு வருஷம் கழித்து, அங்கே ஒரு சின்னப் பெண்ணின் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

அவர் பேச்சு, வயது, கையில் தழும்பு, இடுப்பில் கட்டியிருந்த கயிறு, எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டேன். படம் அனுப்பச் சொன்னேன். இந்த மடலை முடித்த கையோடு அவருக்கான பக்கத்தை எழுதத் தொடங்க வேண்டும்.

போனை வைக்கப் போகிற நேரத்தில் அந்தப் பெண் தயங்கிக்கொண்டே கேட்டாள். "மேடம், அவர் இப்பவும் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"பெய்யலைன்னு சொல்லும்மா" என்றேன். "பெஞ்சிருச்சுன்னு சொன்னா கெளம்பிருவாரு. நாங்க வாற வரைக்கும் பெய்யலைன்னே சொல்லிக்கிட்டு இரு."

அது பொய்யும் இல்லை, ஏட்டி. இங்கே இன்னும் ஒரு பொட்டு விழவில்லை.